குறுக்கே ஒரு கால்

என் கணவர் ஆர்மாஸ்
முப்பத்தோரு குளிர்காலம்
கயானி நகராட்சிக்குப் பனி வாரும் லாரி ஓட்டியவர்.
ஊர் விழிக்குமுன் ஊருக்குச் சாலை கொடுத்தவர்.
இப்போது
சமையலறை வாசற்படி அவரை மறிக்கிறது.
ஒரு அங்குலம். வெறும் மரச்சட்டம்.
பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ள
முன்னால் சாய்ந்து நிற்பார்.
பசையில் மாட்டிய ஈ என்று
தன்னையே சொல்லிச் சிரிப்பார்.
சிரிப்பு முகத்துக்கு வந்துசேர நேரமாகும்.

நடுமூளையில்
மை தோய்ந்தாற்போல் ஒரு கறுப்புத் திட்டு.
டோபமின் அங்கேதான் ஊறுகிறது.
கை நடுங்கத் தொடங்கிய அன்றைக்கே
பாதிக்குமேல் வெளுத்துப்போயிருக்கும்
என்றார் டாக்டர் ஹெல்லெவி.
அதுவரை மிச்சமிருந்த செல்கள்
செத்தவற்றின் வேலையையும் சேர்த்துப் பார்த்தன,
யாரிடமும் சொல்லாமல்.

அக்கரையில் ஏற்பிகள்.
பந்தியில் உட்கார்ந்தாயிற்று,
பரிமாறத்தான் ஆளில்லை.

மாத்திரை டோபமின் அல்ல.
அதன் குரலில் பேசத் தெரிந்த வேறொன்று.
இறந்த செல்லைத் தட்டி எழுப்பாது;
தாண்டிப்போய்
நேரே ஏற்பியின் காதில் சொல்லும்:
வந்துவிட்டேன்.
ஏற்பிக்கு முகம் தெரியாது. நம்பிவிடும்.

மூன்றாம் வாரம் காபி தளும்பவில்லை.
வாசற்படியைத் தாண்டினார்.
பால் வாங்கி வருகிறேன் என்று
தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார்.
எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை.
நாளுக்கு நாலு தடவை போகத் தொடங்கியபோதுதான்
ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணினேன்.
பதினோரு பாக்கெட்.

எங்கள் நாட்டில் மளிகைக்கடைக்குள்ளேயே
சூதாட்டப் பெட்டிகள் நிற்கும்,
உருளைக்கிழங்குக்கும் கல்லாவுக்கும் நடுவில்.
செர்ரி. செர்ரி.
மூன்றாவது கட்டம் சுற்றிச் சுற்றி
மயிரிழையில் எலுமிச்சை.
அந்த மயிரிழையில்தான் கொட்டுகிறதாம் டோபமின்.
கிடைத்ததற்கு அல்ல,
கிடைக்கப்போகிறது என்பதற்கு.
ருசி அதன் இலாகா இல்லை.

வங்கித்தாளில் ஆறாயிரத்து நானூறு யூரோ.
படகு விற்ற காசு.
அறுபத்தெட்டு வயதுவரை
ஒரு லாட்டரிச் சீட்டு வாங்காத மனிதர்.
"நான்தான் போனேன்" என்றார்.
"ஆனால் போனது நானில்லை."
கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு.

டாக்டர் விளக்கியதை
ஆர்மாஸுக்கு அவர் பாஷையில் சொன்னேன்:
மூளைக்குள் இரண்டு சாலை.
கை கால்களுக்குப் போகும் சாலையில்
இடுப்பளவு பனி.
ஆசைக்குப் போகும் சாலையில்
பனி அவ்வளவாக விழவே இல்லை.
லாரி ஒன்றுதான்.
அலகு பூட்டிய உயரமும் ஒன்றுதான்.
இரண்டிலும் ஓடுகிறது.
பனியில்லாத சாலையில் அது
தாரையே பெயர்த்துக்கொண்டு போகிறது.

வெகுநேரம் ஜன்னலையே பார்த்திருந்தார்.
பிறகு,
"அலகைத் தூக்கணும்."

தூக்கினோம். வாரத்துக்கு ஒரு படி.
சட்டென்று நிறுத்தினால் ஏற்பிகள் பழிவாங்கும்.
அந்த ஆசை அடங்கியது,
அடங்கிய இடத்தில் நடுக்கம் வந்து உட்கார்ந்தது.
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத ஒரு நாணயத்தை
உருட்டிக்கொண்டே இருக்கின்றன,
அவர் தூங்கும்வரை.

நேற்று இருவருமாகக் கடைக்குப் போனோம்.
பெட்டிக்கு எதிரே நின்றுவிட்டார்.
அதன் விளக்குகள் அவர் கண்ணாடியில் ஓடின,
சிவப்பு, பச்சை, சிவப்பு.
ஒரு நிமிடம். இரண்டு.
கால் உறைந்ததா, மனசு நின்றதா?
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

பாலைக் கீழே வைத்தேன்.
அவர் பாதத்துக்கு முன்னால்
என் காலைக் குறுக்கே நீட்டினேன்,
சாலையில் போட்ட கோடு மாதிரி.

பார்த்தார்.
தாண்டினார்.